மூக்குக்காரம்மாவின் நான்கு மாதங்கள்

எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மாவுக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் மளிகை இறக்க வரும் லாரி டிரைவர். மூட்டை தரையைத் தொடுவதற்குள் அந்த அம்மா குனிந்து ஒரே ஒரு தடவை மூச்சை இழுப்பார். "இது வேண்டாம், திருப்பி ஏத்துங்க" என்பார்.

"பிரிச்சுக்கூடப் பாக்கலியேம்மா!"

"பிரிச்சா தெருவே நாறும். ஏத்துங்க."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துக் காட்டுவார். அடியில் ஒரு கை அளவுக்குப் பூசணம் பிடித்திருக்கும். இரண்டு மூன்று முறை இப்படி ஆனபின் அவர் வாதாடுவதை விட்டுவிட்டார். "உங்க மூக்குக்குத் தனியா ஒரு சம்பளம் குடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போவார். அன்றிலிருந்து அந்த அம்மா மூக்குக்காரம்மா. பிள்ளைகள் முதல் தலைமை ஆசிரியை வரை எல்லோருக்கும் அதுதான் பெயர்.

நான் அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இருநூற்று நாற்பது பிள்ளைகள் படித்தார்கள். எல்லோருக்கும் மதியம் இலவசச் சாப்பாடு. வகுப்பறைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சமையலறை, அதை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம், தரையோடு தரையாக இரண்டு பெரிய கேஸ் அடுப்புகள், ஆள் உள்ளே இறங்கித்தான் கழுவ வேண்டும் என்கிற அளவில் இரண்டு அண்டாக்கள். அங்கே பதினேழு வருஷமாகச் சமைத்தவர் அவர்.

அதற்கு முன் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பெயின்டர். மூன்றாவது மாடியில் சாரம் சரிந்து விழுந்தவருக்கு உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. கம்பு ஊன்றி வாசல் வரை நடப்பார், அவ்வளவுதான். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். ஆக, அந்த வீட்டில் அடுப்பு எரிவது பள்ளிக்கூடத்து அடுப்பை நம்பித்தான்.

அவர் சமைத்ததை நாங்கள் ருசிக்காகப் புகழ்வோம். ஆனால் அவருக்கு ருசியைவிடப் பெரிய விஷயம் வயிறு. எந்தப் பிள்ளையின் வயிறு எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். இவனுக்கு வீட்டில் காலையில் ஒன்றும் கிடையாது, இவள் பாதியைத் தம்பிக்கு எடுத்துப் போகப் பார்ப்பாள், அவளுக்கு ஒரு முட்டை கூடுதலாக வேண்டும், இப்படி. திங்கட்கிழமை மட்டும் நாலு கிலோ அரிசி கூடப் போடுவார். நான் புதிதாக வந்தபோது ஏன் என்று கேட்டேன்.

"சனி ஞாயிறு பள்ளிக்கூடம் இல்லையே சார்" என்றார். எனக்கு அப்புறமும் ஒரு நிமிஷம் ஆயிற்று, புரிய.

ஒரு விதி உண்டு. பிள்ளைகள் தட்டில் சாப்பாடு விழுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஓர் ஆசிரியர் அதைச் சாப்பிட்டுப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்திருந்தது. ஆரம்பத்தில் தினமும் போய்ச் சாப்பிட்டேன். பிறகு, மூக்குக்காரம்மா சமைத்ததை நான் சோதிப்பதாவது என்று தோன்றியது. பதிவேடு வகுப்பறைக்கே வரும், கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன். 'உணவு நன்று' என்று தேதி வாரியாக என் எழுத்தில் பக்கம் பக்கமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள் படுக்கை. ஐந்தாம் நாள் எழுந்து வீட்டில் வெங்காயம் நறுக்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை. சளி என்று நினைத்தார். பால் பொங்கி அடுப்பில் வழிந்து கருகியது, தெரியவில்லை. அதையும் சளிக் கணக்கில் சேர்த்தார். மறுநாள் காலையில் வீட்டுக்காரருக்கு டீ போட்டுக் கொடுத்தார். அவர் ஒரு வாய் வைத்தவர் வைத்தபடி முகத்தைச் சுளித்தார்.

"ஏய், என் மேல என்ன கோவம் உனக்கு?"

"ஏன், என்னங்க?"

"பால் கெட்டு ஒரு நாள் ஆகுது. ஒரு மைல் தள்ளி நாறுது. இதுல சர்க்கரை வேற போட்டிருக்கே."

அந்த அம்மா டம்ளரை வாங்கி மூக்கருகே வைத்தார். வெந்நீர் ஆவி பட்டதுபோல் சூடாக இருந்தது. வேறொன்றும் இல்லை. எழுந்து போய் சோப்பை எடுத்து முகர்ந்தார். மண்ணெண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தார். கடைசியாக, வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூலையில் கிடந்த அவருடைய பழைய சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டார்.

"அதுவும் இல்லியா?" என்று கேட்டார் அவர். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

மருத்துவமனையில் டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இந்த மாதிரி சில காய்ச்சலில் இப்படி ஆவதுண்டு, சிலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகும் என்றார். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எலுமிச்சைத் தோல், கிராம்பு, காப்பித்தூள், சோப்பு என்று நாலு சாமானைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார்.

"நான் சமையல் வேலை செய்யறேன் டாக்டர்."

"நாக்கு இருக்கே. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு எல்லாம் தெரியும். சமாளிக்கலாம்."

வீட்டுச் சமையல் என்று அவர் நினைத்துவிட்டார். இவரும் திருத்தவில்லை.

பள்ளியில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு முன்னால் அங்கே சமைத்தவர் கண்ணில் புரை விழுந்து, அரிசியில் கல் விட்டதற்காக ஒரே நாளில் அனுப்பப்பட்டவர். அந்த அம்மா சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனதை இவர் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். மகளுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. ஒரு வாரத்தில் சரியாகிவிடும், ஒரு மாதத்தில் சரியாகிவிடும் என்று தள்ளிப் போட்டார். தள்ளத் தள்ளச் சொல்வது கடினமாயிற்று. 'இத்தனை நாளா ஏன் சொல்லல' என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று பெருத்துக்கொண்டே வந்தது.

உதவிக்கு இருந்த அம்மா அவரைவிட எட்டு வயது மூத்தவர். காய் நறுக்குவது, பரிமாறுவது, கழுவுவது அவர் வேலை. கை நின்றாலும் வாய் நிற்காது என்பதால் அவருக்கு ரேடியோ அக்கா என்று பெயர். மூக்குக்காரம்மா அவரை வைத்து ஒரு விளையாட்டு ஆரம்பித்தார்.

"அக்கா, இந்த எண்ணெய மோந்து பாத்துச் சொல்லு, புதுசா பழசா?"

"ஏன், உன் மூக்கு என்ன லீவா?"

"நான் பாத்துட்டேன். நீ சரியா சொல்றியான்னு பாக்கறேன்."

ரேடியோ அக்காவுக்கு ஒரே பெருமை. பருப்பை முகர்வார், முட்டையை உடைத்து முகர்வார், காய்க் கூடைக்குள் தலையை விடுவார், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம் செய்வார். "சரியா சொன்னேனா?" என்பார். "ரொம்பச் சரி" என்பார் இவர். அக்கா தப்பாகச் சொல்லியிருந்தால் இவருக்கு எப்படித் தெரியும்?

இரண்டாம் மாதம் ஒரு நாள் காலை. வழக்கம்போல் இவர்தான் முதலில் வந்து கதவைத் திறந்தார். ஜன்னல்கள் இன்னும் திறக்கவில்லை. தீப்பெட்டியை எடுத்து, குச்சியைக் கையில் எடுத்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ரேடியோ அக்கா அலறினார்.

"உரசாத! உரசாதடி! கேஸ்! ரூம் பூரா கேஸ் நாத்தம்!"

குச்சி கையிலிருந்து விழுந்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடி சிலிண்டரை மூடினார், ஜன்னல்களைத் தள்ளினார், இவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். கேஸ் குழாய் ஓர் இடத்தில் எலி கடித்து ஓட்டையாகியிருந்தது.

"பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே! என்ன தங்கச்சி ஆச்சு உனக்கு?"

"மூக்கு அடைச்சிருக்குக்கா" என்றார். படியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றாம் வகுப்பு. சீக்கிரம் வந்துவிட்ட பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் அவர் தனியாகச் சமையலறைக்குள் போவதில்லை. ஏழரை மணிக்கு வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு வெளியே நிற்பார். யாராவது வந்தால், "உள்ள ஒரு எட்டு வந்து பாருங்களேன், பூச்சி ஏதோ போன மாதிரி இருந்துச்சு" என்பார். என்னைக்கூட இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார். நான் போய் மூலையெல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பதினேழு வருஷம் எலியோடும் கரப்பானோடும் புழங்கிய பெண்பிள்ளைக்குத் திடீரென்று பூச்சிப் பயம் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்காரர் தினமும் கேட்பாராம், "சொல்லிட்டியா?" என்று. "நாளைக்கு" என்பாராம் இவர். சாப்பாடு உள்ளே இறங்காது. வாயில் காகிதத்தை மெல்வதுபோல் இருக்கும். போதாக்குறைக்கு நாக்கும் பொய் சொல்ல ஆரம்பித்தது. ஒன்றுமே சாப்பிடாதபோது இரும்பை நக்கியதுபோல் ஒரு சுவை வரும். பத்து நிமிஷம் இருக்கும், போய்விடும். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். "வாத்தியாரு தினமும் சாப்பிட்டுப் பாக்கறாரு இல்ல, அப்புறம் என்ன?" என்று வீட்டுக்காரர் தேற்றியிருக்கிறார். அதுதான் அவருக்கும் ஒரே ஆறுதல். பதிவேட்டோடு ஒரு கிண்ணத்தில் சாப்பாடும் தினமும் என் வகுப்புக்கு வரும். அதை நான் என் வகுப்பில் ஒரு பையனுக்குக் கொடுத்துவிடுவேன், இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்புவேன். காலிக் கிண்ணம் திரும்பும் நாட்களில் வாத்தியார் சாப்பிட்டார் என்று அவர் நிம்மதியாக இருந்திருக்கிறார்.

நாலாவது மாதம் ஒரு திங்கட்கிழமை. ரேடியோ அக்காவின் மகளுக்குப் பிரசவ வலி எடுத்து, அவர் மருத்துவமனைக்குப் போய்விட்டார். பரிமாற இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள் மதியம் வருவதாக ஏற்பாடு. தலைமை ஆசிரியை மாதாந்திரக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மூக்குக்காரம்மா சோற்றை வடித்துவிட்டுப் பருப்புக்காக ஸ்டோர் ரூமைத் திறந்தபோது, தரையோரம் முழுக்க வெள்ளையாகப் பொடி கிடந்தது. வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"சனிக்கிழமை பூச்சி மருந்து அடிக்க ஆள் வந்தாங்கம்மா. கரப்பான் ஜாஸ்தின்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

"சாமானையெல்லாம் வெளிய எடுத்து வெச்சுட்டுத்தானே அடிச்சாங்க?"

"எடுத்தாங்க... எல்லாத்தையும் எடுத்தாங்களான்னு நான் பாக்கல."

பருப்பு மூட்டையின் அடிப்பக்கத்தில், ஒரு சாண் உயரத்துக்கு நனைந்து காய்ந்த கறை. இவர் மேலிருந்து அள்ளினார். எட்டு கிலோவை ஐந்து முறை கழுவினார். வாட்ச்மேனை முகரச் சொன்னார். அவர் மூக்குப்பொடி போடுகிறவர். "வாசமா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் தும்மினார்.

பருப்பு கொதித்தது. நுரை அதிகமாகப் பொங்கியதுபோல் இருந்தது. கொஞ்சம் கரண்டியில் எடுத்து ஆற வைத்து நாக்கில் விட்டார். உப்பு சரி. பிறகு நாக்கின் நுனி சுருக்கென்றது. அது மருந்தா, கொஞ்ச நாளாகப் பொய் சொல்லும் நாக்கா? மறுபடி விட்டார். சுருக்கென்றது. தண்ணீர் குடித்துவிட்டு வெறும் நாக்கைச் சப்பிப் பார்த்தார். அப்போதும் சுருக்கென்றது.

கிண்ணத்தில் பருப்பை ஊற்றித் தட்டால் மூடி, பதிவேட்டோடு எடுத்துக்கொண்டு அவரே என் வகுப்பு வாசலுக்கு வந்தார். நான் கரும்பலகையில் பின்னங்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்க."

"நோட்டைக் குடுங்கம்மா" என்று கை நீட்டினேன்.

"இல்ல சார், சாப்பிட்டுப் பாருங்க. ஒரு வாய்."

"உங்க மூக்குக்கு மேல என் நாக்கா? நீங்க பாத்தா போதும்மா." மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்:

"தினமும் இப்படித்தானா சார்?"

"பின்ன? உங்க மேல நம்பிக்கைம்மா."

அவர் முகம் வெளிறியது எனக்குத் தெரிந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மணிக்கு அரை மணி நேரத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. அவர் பருப்பை வாளிகளில் மொண்டு ஊற்றினார். ஆறு வாளி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் முன்கூட்டியே விடப்பட்டு, தட்டுகளோடு வரிசையில் உட்கார்ந்துவிட்டன. திங்கட்கிழமை. தட்டை ஸ்பூனால் தட்டும் சத்தம் என் வகுப்புவரை கேட்டது. ஒரு குழந்தை எழுந்து வந்து வாளிக்குள் எட்டிப் பார்த்து, "இன்னிக்குப் பருப்பா? எனக்கு ரெண்டு கரண்டி" என்றதாம்.

அந்த 'ரெண்டு கரண்டி' காதில் விழுந்ததும் அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். முதல் வாளியைத் தூக்கினார். வரிசைப் பக்கம் போகாமல் சாக்கடைப் பக்கம் போய்க் கவிழ்த்தார். இரண்டாவது. மூன்றாவது. பரிமாற வந்திருந்த இரண்டு பெண்களும் பைத்தியம் பிடித்துவிட்டதென்று கூச்சல் போட்டார்கள். பிள்ளைகள் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நான் சாக்பீஸோடு ஓடிவந்தபோது ஐந்தாவது வாளி காலியாகியிருந்தது. ஆறாவதன் பிடியைப் பிடித்தேன்.

"என்னம்மா செய்யறீங்க? இன்னிக்குத் திங்கட்கிழமைம்மா! பசங்க என்ன சாப்பிடும்?"

"விடுங்க சார். கெட்டுப்போச்சு. கெட்டுப்போயிருக்கும்."

"போயிருக்குமா, போச்சா?"

அவர் வாளியை இழுத்தார். நான் குனிந்து முகர்ந்தேன். வெந்த பருப்பு வாசனை, பசி எடுக்கிற மாதிரி. கரண்டியில் மொண்டு ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாயும் குடித்தேன்.

"பிரமாதமா இருக்கு. இதையா கொட்டறீங்க?"

"நல்லாவா இருக்கு? நிஜமா? ஒரு வாடையும் இல்லியா? மருந்து வாடை?"

"என்ன மருந்து?"

அப்போதுதான் பூச்சி மருந்து அடித்ததையும், மூட்டையில் கறை இருந்ததையும் சொன்னார். நான் விழுங்கி முடித்திருந்தேன்.

நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தேன். சுருக்கென்றது, சத்தியமாக. நெற்றி வேர்த்தது. சமையலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எதிரே தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"வயித்த வலிக்குதா சார்?"

"இல்லம்மா."

"தல சுத்துதா?"

"இல்ல... தெரியல."

"இன்னும் அரை மணி நேரம் இருங்க சார். எழுந்து போயிடாதீங்க. பருப்பு எப்படின்னு உங்கள வெச்சுத்தான் தெரியணும்."

"உங்க மூக்கு என்னம்மா ஆச்சு?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"போயிடுச்சு சார். நாலு மாசம் ஆச்சு" என்றார்.

அந்த அரை மணி நேரத்தில்தான் இதுவரை நான் எழுதிய எல்லாவற்றையும் கேட்டேன். பால், சட்டை, ரேடியோ அக்காவின் பிரசங்கம், தீக்குச்சி. நடுநடுவே நிறுத்தி, "இப்ப எப்படி இருக்கு சார்?" என்பார். சோறு மட்டும் பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று சொல்லியிருந்தோம். உப்பும் எண்ணெயும் போட்டுப் பிசைந்து கொடுத்தார்கள். வாட்ச்மேன் பேக்கரிக்கு ஓடி, இருந்த பன்னையெல்லாம் வாங்கி வந்தார். ஆளுக்குப் பாதி வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தன, வாத்தியாரை யாரோ தண்டனையாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதுபோல. அது முழுப் பொய்யும் இல்லை.

கேட்கக் கேட்க என் பயம் வேறு பக்கம் திரும்பியது. வயிற்றில் கிடந்த இரண்டு வாய்ப் பருப்பை மறந்துவிட்டேன். நாலு மாதம். ஏறக்குறைய எண்பது சாப்பாடு. அவர் என்னை நம்பியிருந்தார், நான் அவரை நம்பியிருந்தேன். நடுவில் இருநூற்று நாற்பது தட்டுகளை யாருமே பார்க்கவில்லை. ஒரே ஒரு நாள் எண்ணெய் கெட்டிருந்தால், ஒரே ஒரு நாள் அக்காவுக்கும் சளி பிடித்திருந்தால். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேர்வை நிற்கவில்லை.

"வேர்க்குதே சார்!" என்று அவர் அலறினார்.

"மருந்து இல்லம்மா. இது வேற."

அரை மணி நேரம் முடிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. மாலையில் பூச்சி மருந்து அடித்த ஆளையே வரவழைத்துக் கேட்டோம். ஓரத்தில் பொடி தூவியதுதான், மூட்டைகளையெல்லாம் வெளியே வைத்துவிட்டுத்தான் செய்தேன் என்றார். கறை, இடையில் பெய்த ஒரு மழையில் கூரை ஒழுகித் தரையில் தேங்கிய தண்ணீர். மேலே பார்த்தால் தகரத்தில் ஓட்டை தெரிந்தது. கொட்டிய ஐந்து வாளியும் நல்ல பருப்பு.

அதைக் கேட்டதும் மூக்குக்காரம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சாப்பாடு நன்றாக இருந்தது என்பதற்காக ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வீணாக்கிவிட்டோமே என்ற அழுகை ஒரு பாதி. மறுபாதி, நல்லது கெட்டது இனி தனக்குத் தெரியாதே என்ற அழுகை.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை இருவரையும் கூப்பிட்டார். அந்த அம்மா சமையலறைச் சாவியையும், துவைத்து மடித்த இரண்டு மேலங்கிகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. கேஸ் விஷயம் வந்தபோது மட்டும் என்னைப் பார்த்தார். நான் எடுத்துச் சொன்னேன்.

தலைமை ஆசிரியை என் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தன நாளா சாப்பிடாம கையெழுத்துப் போடறீங்க?"

"பதினாலு மாசமா மேடம்."

அவர் பதிவேட்டைப் புரட்டினார். ஒவ்வொரு வாரக் கடைசியிலும் என் கையெழுத்துக்குக் கீழே அவருடையது இருந்தது. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "நானும் அந்தச் சமையலறைக்குள்ள போய் ரெண்டு வருஷம் இருக்கும்" என்றார்.

மூன்று பேரைப் பற்றியும் அவரே மேலிடத்துக்கு எழுதினார், தன்னையும் சேர்த்து. எனக்கும் அவருக்கும் கண்டனக் கடிதம் வந்தது. மூக்குக்காரம்மாவை மூன்று வாரம் வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த மூன்று வாரமும் வேலை போய்விட்டதென்றே அவர் நினைத்தார். மகளுக்குப் போன் செய்து, படிப்பைப் பாதியில் விடவேண்டி வரலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். ரேடியோ அக்கா பேத்தி பிறந்த இனிப்போடு அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதாராம். "என்ன ஏமாத்திட்டியே தங்கச்சி. என் மூக்குதான் ஒசத்தின்னு ஊர் பூரா சொல்லிட்டு இருந்தேனே" என்று.

பிறகு உத்தரவு வந்தது. அவர் சமைக்கலாம். ஆனால் சாமானை முகர்ந்து பார்ப்பது ரேடியோ அக்காவின் வேலை. அடுப்பைப் பற்ற வைக்கும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். தினம் ஓர் ஆசிரியர் சமையலறையிலேயே உட்கார்ந்து ஒரு முழுத் தட்டு சாப்பிட வேண்டும். முதல் மாதம் முழுக்க அந்த ஆசிரியர் நான்தான், வேறு யாரையும் விடவில்லை.

வாசனை அடுத்த வருஷம் கொஞ்சம் திரும்பியது. அது இன்னொரு கஷ்டம். வெங்காயம் வதங்கினால் அவருக்கு டயர் எரிகிற நாற்றம் வரும். முதல் நாள் கரண்டியைப் போட்டுவிட்டு, "எரியுது, எரியுது" என்று வெளியே ஓடிவந்தார். நாங்கள் போய்ப் பார்த்தால் வெங்காயம் பொன்னிறமாக வதங்கிக்கொண்டிருந்தது. காப்பி இன்றுவரை அவருக்குச் சாக்கடைதான். பிள்ளைகளின் தலைமுடியில் வெயில் வாசனை தெரிகிறது, அது மட்டும் மாறாமல் வருகிறது என்று ஒருமுறை சொன்னார்.

இப்போதும் அவர் அங்கேதான் இருக்கிறார். மகள் படிப்பை முடித்துவிட்டாள், வேலைக்கும் போகிறாள். வேலையை விடச் சொல்லி வீட்டில் கேட்கிறார்கள், இவர் விடவில்லை. கடைசித் தட்டு கழுவி முடிந்தபின் மைதானத்து ஓரத்தில் வந்து உட்காருவார், பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்தபடி. பிற்பகல் வகுப்பு தொடங்கும்வரை எழுந்திருக்க மாட்டார்.

போன வாரம் ஒரு பையன் திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டான். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த வயதில் அந்த அம்மா அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. செருப்பு ஒரு பக்கம், முந்தானை ஒரு பக்கம். அவனைத் தூக்கி மடியில் போட்டு, "என்னடா சாப்பிட்ட? எவ்வளவு சாப்பிட்ட? வாந்தி வருதா?" என்று உலுக்கினார்.

"பந்து பட்டுச்சும்மா" என்றான் அவன்.

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்னடா!" என்று கத்தினார். பந்தை உதைத்தவனையும் திட்டினார், வேடிக்கை பார்த்தவர்களையும் திட்டினார், பந்தையும் திட்டினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே மறுபடி விளையாடப் போய்விட்டன. அவர் அந்த இடத்திலேயே, மைதானத்தின் நடுவில், மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.